மாப்பிள்ளைக்கு வைத்த சோறு

எண்பதுகளின் நடுவில் நான் கடத்தூர்ப் பக்கம் விளைநிலத்துக்கு நடுவே ஒரு காட்டு வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தேன். அப்படிச் சொன்னாலே கேட்கிறவர்களுக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். மனைவி ஒரே பெண், மாமனாருக்கு முழங்கால் வலி, எங்கள் வீட்டிலோ பங்கு பிரிக்க நிலம் இல்லை. அதனால் நான் அங்கே. எங்கள் பாப்பா பிறந்ததும் அந்த வீட்டில்தான். சோற்றுக்குக் குறைவில்லை. வாங்க போங்கவுக்கும் குறைவில்லை. ஆனால் எந்தப் பாத்திக்குத் தண்ணீர் திருப்புவது என்று நானாக ஒரு நாளும் சொல்ல முடியாது. விருந்தாளிக்குக்கூட ஊருக்குப் போகும் நாள் என்று ஒன்று உண்டு. எனக்கு அதுவும் இல்லை.

தருமபுரியில் ஓர் எண்ணெய் மில்லில் வேலைக்கு ஆள் கேட்டார்கள். மனைவியிடம் சொன்னேன்.

"இந்தக் கல்லக்கா வூடு வந்து சேரட்டுங்க. அப்பாவைப் பாதியில உட்டுட்டு எப்பிடி வர்றது? வந்து சேந்ததும் கெளம்பிரலாம்."

மில்காரரும் பொறுக்கிறேன் என்றார். அன்றிலிருந்து என் விடுதலை, காட்டில் போட்டிருந்த நிலக்கடலையோடு சேர்ந்து மண்ணுக்கு அடியில் காய் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் காயைத்தான் எலி தின்றது. முன்பெல்லாம் அந்தக் காட்டில் மழையை நம்பி ஒரு போகம்தான். அறுப்பு முடிந்தால் நிலம் காய்ந்து கிடக்கும், எலிக்கும் பட்டினிதான். கிணற்றுக்கு மோட்டார் வந்தது. கடலை, நெல், மறுபடியும் கடலை என்று ஆனது. எலிக்கு வருடம் முழுக்கக் கல்யாணச் சாப்பாடு. மாமனார் மோட்டாரைக் குறை சொல்வாரா? பழியை வரப்பின் மேல் போட்டார். "பொதரு இருக்கறதாலதான் அங்க குடியிருக்குது" என்றார். வரப்பில் இருந்த ஆவாரையையும் சூரை முள்ளையும் வெட்டிக் காயவைத்துக் கொளுத்தினோம். தீக்குள்ளிருந்து ஒரு கீரி குட்டிகளோடு பாய்ந்து வந்து, பக்கத்தில் உழுது போட்டிருந்த காட்டின் நடுவில் நின்றது. ஒளிய ஒரு செடி இல்லை. எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. எனக்கு அதன் மேல் பரிதாபமாக இருந்தது. என் மேலும் கொஞ்சம் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புதர் போயும் எலி போகவில்லை. ஒரு சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். சமையல்கட்டுக்குள் மாமனாரும் மாமியாரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மொதல்ல வெறுஞ்சோறே வெய்யி. மாப்ள நல்லா ருசி கண்டுக்கட்டும். சந்தேகமில்லாம ரெண்டு மூணு நாளு தின்னுட்டா, அப்பறம் பொடியைக் கலந்துக்கலாம்."

"எண்ணெயைத் தாராளமா ஊத்தறேன்" என்றார் மாமியார்.

அன்றைக்கு எனக்கு நாட்டுக்கோழிக் குழம்பு. வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டேன். மறுநாள் கருவாடு. "இன்னும் கொஞ்சம் எண்ணெ ஊத்தட்டுங்களா மாப்ள?" என்று மாமியார் கரண்டியோடு வந்தபோது தட்டைக் கையால் மூடிக்கொண்டேன். மில் விஷயம் தெரிந்துவிட்டது, பெண்ணைப் பிரிப்பதற்கு முன்னால் ஆளையே முடித்துவிடப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். பட்டினி தாங்காமல் மனைவியிடம் கேட்டேவிட்டேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மருந்து வைக்கப்போவதை வாய்விட்டுச் சொன்னால் கூரையில் இருக்கும் எலிக்குக் கேட்டுவிடுமாம். அது போய் மற்றதுக்கெல்லாம் சொல்லிவிடுமாம். அதனால் அந்த வீட்டில் எலிக்கு வேறு பெயர்.

"மாப்ளன்னுதாங்க சொல்றது. உக்காந்து தின்னுட்டு, வூட்டை உட்டுப் போகாதில்லைங்களா" என்றாள்.

நானும் சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

அந்த மாப்பிள்ளைச் சோறாகப் பொரியும் வறுத்த கடலையும் தேங்காய் எண்ணெயில் புரட்டி எலி வளைகளின் வாயருகே வைத்தோம். நம்பித் தின்றன. பிறகு பூண்டு வாசனை அடிக்கும் அந்தக் கறுப்புப் பொடியைக் குச்சியால் கலந்தேன். தருமபுரி பஸ்ஸில் ஏறிவிட்ட மாதிரி ஒரு வேகம் என் கையில். மறுநாள் வரப்பெல்லாம் எலி. மாமனார் மீசையைத் தடவிக்கொண்டார். அடுத்தடுத்த நாட்களில் கவுதாரிகள் இறகு விரித்துக் கிடந்தன. கீரி வாய்க்காலில் மிதந்தது. பனைமரத்தில் இருந்த கூகையின் குரல் நின்றது. அபசகுனம் ஒழிந்தது என்று மாமியார் சந்தோஷப்பட்டார்.

காய் முற்றும் நேரத்தில் அக்கம்பக்கத்துக் காடுகளிலிருந்து எலிகள் வந்தன. காலியான வளைகள் அவற்றுக்காகவே திறந்து கிடந்தன. பிடிக்கக் கீரி இல்லை, கூகை இல்லை. பிழைத்திருந்த பழைய எலிகளோ நாங்கள் மறுபடி வைத்த பொரியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. செடியைப் பிடுங்கினால் காய் தொங்க வேண்டிய இடத்தில் வெறும் வேர். பல வரிசைகள் அப்படித்தான் வந்தன. நான் வாய்விட்டுத் திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியாது.

கிடைத்த கொஞ்சம் வீடு வந்து சேர்ந்தது. மனைவி பேச்சு மாறவில்லை. பையைக் கட்டினாள், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "சொல்லிட்டு வந்துருங்க" என்றாள்.

மாமனார் காட்டில் இருந்தார். வலிக்கிற காலை மடக்கி மண்டியிட்டு எலி வளையைத் தோண்டி, உள்ளே எலி சேர்த்து வைத்திருந்த கடலையைத் துண்டில் பொறுக்கிக்கொண்டிருந்தார். அறுப்புக்குப் பிறகு கூலிக்கார ஏழைகள் செய்கிற வேலை அது. அப்படிப்பட்டவர்கள் தன் காட்டில் கால் வைத்தாலே விரட்டுகிற மனிதர் இவர். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"புள்ள சொல்லுச்சுங்க. நல்லபடியாப் போயிட்டு வாங்க. பஸ்ஸுக்கு நேரமாயிரும்."

போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் போயிருப்பேன். அதற்குத்தான் பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவரோ போ என்றார். அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் அதுவரை யார் மேலும் வந்ததில்லை.

"எந்திரிங்க மாமா" என்று மண்வெட்டியைப் பிடுங்கினேன்.

வரப்பில் மனைவி பையோடு நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நான் தோண்டுவதைப் பார்த்தாள். பிறகு பாப்பாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.