அயினி மரத்துக்கு வந்த இன்ஜினியர்

என் மாமன் வெளிநாட்டில் இன்ஜினியராக இருக்கிறார் என்பது பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் ஒரே ஒருவர்தான். அது என் மாமன்.

அம்மாவின் ஒரே தம்பி அவர். நியூசிலாந்தில் ஒரு கம்பெனியில் மரம் ஏறிக் கிளை வெட்டுகிற வேலை பார்த்தார். அதற்கென்றே அங்கே படித்து, பரீட்சை எழுதி, மரத்து மேலேயே வைத்து செய்முறைத் தேர்வும் கொடுத்து சர்டிபிகேட் வாங்கியவர். இதையெல்லாம் அவர் போனில் விவரமாகச் சொல்வார். அம்மா அதை அக்கம்பக்கத்தில் சொல்லும்போது முதலில் மரம் காணாமல் போயிற்று. கம்பெனி மட்டும் மிஞ்சியது. சும்மா கம்பெனி என்றால் எப்படி, எந்தக் கம்பெனியிலும் ஒரு இன்ஜினியர் இருப்பார் அல்லவா, அது என் மாமனாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள்.

அம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. அவளுடைய தாத்தாவின் அப்பா பனையேறியவர். அவருடைய மகன் மிஷன் பள்ளியில் படித்து உபதேசியார் ஆனார். கையில் குடையோடு அவர் நிற்கிற போட்டோ எங்கள் வீட்டு முன்னறையில் உண்டு. அவருக்கு முந்தினவரைப் பற்றி வீட்டில் பேச்சே வராது. கருப்பட்டியைக்கூட ஏதோ பாக்டரியில் செய்து வருகிற சாமான் மாதிரிதான் அம்மா பேசுவாள். "மரத்துல இருந்து எறங்குனதாக்கும் ஒங்க குடும்பத்துக்க ஒரே சாதனை" என்று அப்பா கிண்டல் செய்தால் அன்று முழுக்க அவருக்குக் குழம்பில் உப்பு இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில், ஸ்கூல் டீச்சரான ஒரு அக்காவுக்கு, தம்பி கடல் தாண்டிப் போய் மரத்தில் ஏறுகிறான் என்றால் அவள் என்னதான் செய்வாள்?

எனக்குப் பத்து வயது இருக்கும்போது மாமன் இரண்டு மாத லீவில் வந்தார். இரண்டு பெரிய பை. சாக்லேட் இருக்கும் என்று நான் முதல் பையைத் திறந்தேன். ஒரு ஹெல்மெட், இடுப்பையும் தொடையையும் சேர்த்து மாட்டுகிற வார், கொத்துக் கொத்தாகக் கயிற்றில் மாட்டுகிற இரும்புக் கொளுத்துகள், வெள்ளையில் சிவப்புப் புள்ளி ஓடுகிற நீளமான கயிறு. சாக்லேட் இரண்டாவது பையிலும் கொஞ்சம்தான் இருந்தது. லீவில் வருகிறவன் எதற்கு இதையெல்லாம் சுமந்துகொண்டு வர வேண்டும் என்று அம்மா தலையில் கை வைத்தாள். பழக்கம் விட்டுப்போகக் கூடாது, நம் தோட்டத்து மரங்களையும் கொஞ்சம் பார்க்கலாம் என்றார் மாமன்.

தினமும் காலையில் அவர் முற்றத்தில் ஒரு தார்பாயை விரித்து உட்காருவார். கயிற்றின் ஒரு முனையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, சாண் சாணாக விரலால் தடவித் தடவி அடுத்த முனை வரை போவார். எங்காவது நூல் பிரிந்திருக்கிறதா, உள்ளே மெலிந்திருக்கிறதா என்று விரலுக்குத் தெரியுமாம். வேலி வழியாகப் பார்த்த அடுத்த வீட்டு மாமி, பையன் நல்ல பக்திமான், முழங்கால் போடாமலே எவ்வளவு நேரம் ஜெபம் பண்ணுகிறான் என்று சபை முழுக்கச் சொல்லிவிட்டாள். அம்மா இதையும் மறுக்கவில்லை.

அந்த நல்ல பெயரோடுதான் சம்பந்தம் ஒன்றும் வந்தது. பெண்ணின் அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், எங்கள் சபைக்கு செயலரும் அவர்தான். அவருக்கு இன்ஜினியர் மாப்பிள்ளை வேண்டும். அம்மாவுக்கு ஹெட்மாஸ்டர் சம்பந்தம் வேண்டும். மாமனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. மரம் ஏறுகிற வேலையைச் சொல்லிவிட வேண்டாமா என்று அவர் கேட்டபோதெல்லாம் அம்மா, "எல்லாம் நான் பறஞ்சாச்சு மக்கா, நீ வாயத் தெறக்காண்டாம்" என்று அடக்கிவிட்டாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் காற்று அடித்தது. எங்கள் சபைக் கோயில் வளாகத்தில் ஒரு பெரிய அயினி மரம், காட்டுப்பலா. நான்கு பேர் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். அதன் பெரிய கிளை ஒன்று முறிந்து, முழுக்க விழாமல், ஞாயிறு பள்ளி ஓட்டுக்கூரைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டு நின்றது. வழக்கமாக வருகிற மரம்வெட்டி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிளையைத் தொட முடியாது, மரத்தையே அடிமூட்டோடு எடுத்துவிடலாம் என்றார். கமிட்டியும் சரி என்றது. மாமனுக்குப் பொறுக்கவில்லை. நேராகப் போதகரிடம் போய், மரத்துக்கு ஒரு கேடும் இல்லாமல் கிளையை மட்டும் துண்டு துண்டாக இறக்கித் தருகிறேன், சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அம்மா மயங்கி விழாததுதான் பாக்கி. அன்று சாயங்காலமே ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போய், தம்பி கீழே நின்று பிளான் மட்டும்தான் சொல்லுவான், ஏறுவதற்குக் காட்டாக்கடையிலிருந்து ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். வரும் வழியில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

வெள்ளிக்கிழமை நான் பள்ளி விட்டு வந்ததும் அம்மா கயிற்றை மட்டும் தனியாக ஒரு பையில் திணித்து என் தோளில் மாட்டினாள். "இத கொண்டு எங்கயாவது ஒளிச்சு வை. கயிறு இல்லேங்கி அவன் கேற மாட்டான். மாமன்கிட்ட மூச்சு விடப்பிடாது, கேட்டியா?"

எனக்குத் தெரிந்த ஒளிவிடம் எங்கள் ரப்பர் புரைதான். பால் உறைய வைத்து ஷீட் அடிக்கிற அந்தக் கொட்டகையில் மெஷினுக்குப் பின்னால் ஒரு இருட்டு மூலை. அங்கே பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த மூலையில்தான் பாலில் கலக்குகிற ஆசிட் கேனும் இருந்தது. பார்க்காமல் வைத்தேனா என்று கேட்டால், பார்த்துத்தான் வைத்தேன். கேன் என்றும் அங்கேதான் இருக்கும், அதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கிற வயதா?

சனிக்கிழமை விடிந்ததும் மாமன் தேட ஆரம்பித்தார். கட்டிலுக்கு அடியில், மச்சில், கார் ஷெட்டில். கோபமே படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொருளைத் தொலைத்தது தான்தான் என்று நினைத்துக்கொண்டு முகம் சுருங்கிப்போய்த் தேடினார். அம்மாவோ கோயில் முற்றத்தைத் தூத்துவாரிப் பெருக்குகிற பெண்களோடு காலையிலேயே போய்விட்டாள். நானும் சும்மா இருக்கவில்லை. என் மாமன் கயிற்றில் பறக்கப் போகிறார், எல்லாரும் வாருங்கள் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் அளந்து வைத்திருந்தேன். அவர்கள் வந்து நிற்பார்களே! ரப்பர் புரைக்கு ஓடினேன்.

பையின் ஒரு பக்கம் நனைந்திருந்தது. மூக்கில் சுள்ளென்று ஏறுகிற அந்தப் புளிச்ச வாடை. கேன் மூடி சரியாக இறுகியிருக்கவில்லை. ஆசிட் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். என் பச்சைப் பாவாடையில் அது போட்ட மூன்று ஓட்டை அப்போதும் இருந்தது. அன்று வாங்கிய அடியும் நினைவிருந்தது. அதனால் கயிற்றைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய், ஆசிட்டில் நனைந்த பாகத்தைத் துணி சோப்புப் போட்டுத் தேய்த்து, நான்கு வாளித் தண்ணீர் ஊற்றினேன். பார்த்தேன். கயிறு வெள்ளைவெளேர் என்று முன்னைவிட நன்றாக இருந்தது. அப்பாடா என்று மாமனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஏம் பிள்ளே நனஞ்சிருக்கு?"

"கிணத்தடில கெடந்துது மாமா. ஒரே சேறு. நான் களுவிக் கொண்டு வாறேன்."

மாமன் தார்பாயை விரித்து உட்கார்ந்து முழுக் கயிற்றையும் தடவிப் பார்த்தார். நனைந்த இடத்தில் இரண்டு தரம் திரும்பிப் போனார். சோப்பு வாசனையை முகர்ந்துவிட்டுச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

கோயில் வளாகத்தில் திருவிழாக் கூட்டம். ஹெட்மாஸ்டர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாமன் தோளில் கயிற்றைப் பார்த்ததும் அம்மா கையிலிருந்த வாரியல் கீழே விழுந்தது. அவள் பார்த்த பார்வையில் நான் ஒரு பையன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மாமன் பைக்குள்ளிருந்து வாரை எடுத்துத் தன் இடுப்பிலேயே மாட்டினார்.

"தம்பி, கேறுயதுக்கு ஆளு வரல்லியா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"நான்தான் சார் ஆளு."

ஹெட்மாஸ்டர் மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

மாமன் கனமான சிறு பொதி ஒன்றை மெல்லிய நூலில் கட்டி வீசினார். மூன்றாவது வீச்சில் அது உயரமான கவட்டையைத் தாண்டி இந்தப் பக்கம் விழுந்தது. பிள்ளைகள் கூவினார்கள். நூலோடு கயிற்றைக் கட்டி மேலே ஏற்றினார். கயிறு பாம்பு மாதிரி ஏறிப் போயிற்று. ஆசிட்டில் நனைந்த பாகம் மேலே கவட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றது. கொளுத்தை மாட்டி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் தொங்கி, தன் முழுப் பாரத்தையும் போட்டு இரண்டு தரம் குதித்துப் பார்த்தார். பிறகு ஏற ஆரம்பித்தார்.

எனக்கு என் பச்சைப் பாவாடை ஞாபகம் வந்தது. அதுவும் துவைத்துக் காயப்போட்டபோது ஒன்றும் ஆகாமல்தான் இருந்தது. மறுநாள் உடுத்தும்போதுதான் விரல் பட்ட இடமெல்லாம் பொத்துக்கொண்டு போயிற்று. மாமன் ஓர் ஆள் உயரம் போய்விட்டார். இன்னும் ஒரு இழுப்பு. இன்னும் ஒன்று. சொன்னால் அடி விழும், அம்மா மாட்டிக்கொள்வாள், சம்பந்தம் போய்விடும். எல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தொண்டைதான் கேட்கவில்லை.

"மாமா கேறாண்டாம்! கயித்துல ஆசிட்டு பட்டுது!"

மாமன் என்ன என்றுகூடக் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே நின்று, மரத்தின் முண்டுகளைப் பற்றி, கயிற்றில் பாரம் போடாமல், துணி காயப்போட்ட கொடியிலிருந்து சட்டையை எடுக்கிற நிதானத்தோடு கீழே இறங்கினார். பெரியவர் ஒருவர் ஒரு சின்னப் பிள்ளையின் சொல்லுக்கு உடனே கீழ்ப்படிந்ததை நான் முதல் தடவையாக அன்றுதான் பார்த்தேன். எங்கே வைத்திருந்தாய், எந்த ஆசிட், எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டார். ராத்திரி முழுக்க என்று நான் சொன்னதும் அவருடைய மேலுதடு வியர்த்தது.

கயிற்றை இறக்கினார். இடுப்பிலிருந்த, கிளை அறுக்கிற வாளை எடுத்தார். ஒரு முழம் ஒரு முழமாக அந்தக் கயிற்றை வெட்டிப் போட ஆரம்பித்தார். கூட்டம் பதறிவிட்டது. ஒன்றும் ஆகவில்லையே தம்பி, கிணற்றுக்கு ஆகுமே, பசுவைக் கட்டலாமே என்று ஆளுக்கு ஒரு யோசனை. டீக்கடைச் சேட்டன் "அய்யோ, நல்ல கயறு, களையல்லே" என்று, வீணாக்க வேண்டாம் என மலையாளத்தில் கெஞ்சினார்.

"ஆசிட்டு பட்டது கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. முழுசா கெடந்தா நாளைக்கு ஒருத்தன் இதப் பிடிச்சு கிணத்துல எறங்குவான்" என்றார் மாமன். வெட்டுவதை நிறுத்தவில்லை.

என் மேலுள்ள கோபத்தில்தான் வெட்டுகிறார் என்று நினைத்து நான் ஓவென்று அழுதேன். அந்தக் கயிறு உண்மையில் அறுந்திருக்குமா, இல்லையா? இன்று வரை யாருக்கும் தெரியாது. பிறகு வேறு கயிறு வரவழைத்து, இரண்டு வாரம் கழித்து மாமன் அந்தக் கிளையை ஓடு ஒன்றுகூட உடையாமல் இறக்கினார். அயினி இப்போதும் காய்க்கிறது.

வெட்டி முடித்து நிமிர்ந்த மாமன் என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார். "ரப்பர் புரைல கொண்டு வைக்கச் சொன்னது யாரு மக்கா?"

"நான்தான் மாமா. சும்மா, வெளையாட்டுக்கு."

நல்ல பொய். நான் சொன்னதிலேயே சிறந்த பொய் அதுதான். எல்லாரும் நம்பிவிட்டார்கள். ஹெட்மாஸ்டர்கூட, பிள்ளைகளைக் கண்டித்து வளர்க்க வேண்டும் என்று தொடங்கிவிட்டார். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

அம்மா பெண்கள் கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். முந்தானை தோளிலிருந்து சரிந்தது தெரியாமல் வந்தாள். வெட்டிக் கிடந்த கயிற்றுத் துண்டு ஒன்றை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"நானாக்கும் சார் ஒளிக்கச் சொன்னது. பிள்ளைக்கு ஒண்ணும் அறியாது." கயிற்றுத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டாள். "எனக்க தம்பி இன்ஜினியரு ஒண்ணும் இல்ல. மரம் கேறுயவனாக்கும். அவனுக்கு மரம் கேறுயதுதான் தொழிலு."

ஹெட்மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்து போனார். அந்தச் சம்பந்தமும் அவரோடு எழுந்து போயிற்று.

வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு அம்மா மேல் கடுங்கோபம். நான் கஷ்டப்பட்டு எல்லாவற்றையும் என் தலையில் போட்டுக்கொண்ட பிறகு, இவள் எதற்கு நடுவில் வந்து கெடுக்க வேண்டும்? சரி, கயிற்றைச் சொன்னாள். இன்ஜினியர் விஷயத்தை யார் கேட்டார்கள்? "அத ஏம்மா சொன்ன? அத யாரும் கேக்கவே இல்லியே?" என்று அவள் கையைப் பிடித்து உலுக்கினேன். திங்கட்கிழமை பள்ளியில் என் மாமன் யார் என்று சொல்வது என்ற கவலையில் நான் முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். மாமன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தார். வீடு வரும் வரை அம்மா கண்ணை எடுக்காமல், தரையில் ஊன்றி ஊன்றிப் போன அவர் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஓர் ஆள் ரோட்டில் நடந்து போவதில் அப்படிப் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.