வலிக்காமல் எடுத்த இரத்தம்

கரும்பைக் கடித்துத் துப்பிய சக்கையில் சிவப்பாக ஒரு கோடு. கச்சிராயபாளையத்தில் எங்கள் வயலில் வெட்டு நடந்த நாள் அது. வலி இல்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் இரத்தம் எடுத்த சோதனைக் குழாய்களோடு வேலை செய்பவள் நான். வாயைத் துடைத்துவிட்டு மறந்தேன். இரண்டு வருடம்.

பிறகு கடைவாய்ப் பற்கள் ஆடின. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. பெரியோடான்டைடிஸ் (முற்றிய ஈறு நோய், பல்லைத் தாங்கும் எலும்பை அரிப்பது) என்றார்கள். எனக்கு இருபத்தாறு வயது. எலும்பைத் திரும்ப வளர்த்துப் பார்க்கலாம் என்றார் பல் டாக்டர்.

“புடுங்கிப் போட்டுட்டு வேலயப் பாப்பியா, எலும்ப வளத்துக்கினு” என்றார் அம்மா.

அதற்கு டாக்டர் சொன்ன வழி பி.ஆர்.எஃப். (நம் இரத்தத்தையே சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த உறைவைப் பிரித்து எலும்புப் பள்ளத்தில் வைப்பது). குழாயில் உறைதலைத் தடுக்கும் மருந்து கிடையாது. எடுத்தவுடன் சுழற்றும் இயந்திரத்தில் வைக்க வேண்டும். தாமதித்தால் சுழலும் முன்பே குழாயில் உறைந்துவிடும், நல்ல உறைவு பிரியாது.

வலப்பக்கம் முதலில். கிளினிக் நர்ஸ் நான்கு முறை குத்தினார். கை நீலமாகிவிட்டது. ஆனால் இரத்தம் வந்ததும் ஓடிப்போய் இயந்திரத்தில் வைத்தார்.

இடப்பக்கத்துக்கு, டாக்டரிடம் கேட்டு, எங்கள் கூடத்தின் ரஹமத் அக்காவை நானே அழைத்துப் போனேன். கல்வராயன் மலை மருத்துவ முகாம்களில் குழந்தைகள்கூட அவர் ஊசிக்கு அழுவதில்லை.

“இன்னாடி இது, எலி கொதறின மாரி இருக்குது கை” என்று சிரித்தார். ஊசி போனதே தெரியவில்லை.

இரண்டு குழாயையும் ஸ்டாண்டில் நிறுத்தினார். பேனா எடுத்து என் பெயர், வயது, தேதி எழுதி ஒட்டினார். நிதானமாக, இரண்டிலும். எங்கள் கூடத்தில் அதுதான் சட்டம்: பெயர் எழுதாமல் குழாய் நகராது. அந்த அறையில் இரத்தம் கொடுத்தவள் நான் ஒருத்திதான். டாக்டர் திரும்பி நின்று கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் மரத்திருந்தது, கை மரத்திருக்கவில்லை. கையைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். எனக்காக லீவு போட்டு வந்தவரைத் தடுப்பது மரியாதையாகப் படவில்லை.

அதன் பிறகே இயந்திரத்துக்குப் போன குழாய்களில் உறைவு மெலிந்து, கிழிந்து வந்தது.

“இன்னொரு தரம் எடுத்துக்கலாமாம்மா?” என்றார் டாக்டர்.

அக்காவின் முகம் சுருங்கியது. வேண்டாமென்று தலையசைத்தேன். இருந்ததை வைத்துத் தைத்தார்.

ஒன்பது மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் வலப்பள்ளம் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. இடது அப்படியே. அந்தப் பல்லை எடுத்தார்கள். இடப்பள்ளம் முதலிலிருந்தே அகலம், நல்ல உறைவு வைத்திருந்தாலும் பிடித்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். இருக்கலாம். எதையும் நிரூபிக்க என்னால் முடியாது. அதில் ஆறுதலும் இல்லை.

இதே சிகிச்சைக்குப் போகிறவர்கள், குழாயை யார், எத்தனை சீக்கிரம் இயந்திரத்தில் வைப்பார் என்று முன்பே கேளுங்கள். உறைவு சரியில்லை என்றால் மறுபடி கையை நீட்டுங்கள். யார் முகம் எப்படிப் போனாலும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈறின் ஆழத்தை அளக்கிறார்கள். அடுத்த அளவு வரைக்கும்தான் எனக்கு நாட்காட்டி. பத்து நிமிடத்தில் முடிந்த மதியச் சாப்பாடு இப்போது அரை மணி ஆகிறது. மற்றவர்கள் கை கழுவிப் போன பிறகும் ரஹமத் அக்கா மட்டும் எனக்காக உட்கார்ந்திருப்பார். பல்லை எடுத்ததை அவரிடம் சொல்லவில்லை.

“ஏன்டி, ஒரு பக்கமாவே மென்னுகினு இருக்க?” என்று நேற்று கேட்டார்.

“சும்மாதான்க்கா. பழகிடுச்சு” என்றேன்.