அது ஆமாம் என்றுதான் சொல்லும்

பயிற்சியின் முதல் நாளே கரண்ட் போய்விட்டது. போடி வட்டார வள மையத்தின் ஹாலில் ஆசிரியர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, புரொஜெக்டர் செத்துக் கிடந்தது. ஆசிரியப் பயிற்றுநராக என்னென்னவோ நடத்தியிருக்கிறேன். வாசிப்புப் பயிற்சி, கணித உபகரணப் பெட்டி, யோகாகூட. செயற்கை நுண்ணறிவு மட்டும் எனக்கே புதுசு. ஓய்வு பெறப் போகிற நேரத்தில் இதை என் தலையில் கட்டினார்கள்.

கரண்ட் வந்ததும் எல்லாரும் போனை எடுத்தார்கள். பாடக்குறிப்பு கேட்டால் ஏஐ எழுதியது, வினாத்தாள் கேட்டால் கொடுத்தது. ஹால் சந்தைக்கடை ஆகிவிட்டது. "மேடம், இனிமே ஞாயித்துக்கெழம நமக்கும் லீவுதான்!" என்று குரங்கணியில் வேலை பார்க்கும் டீச்சர் கத்தினார். சிரிக்காதவர்கள் யாரும் இல்லை, நானும் சிரித்தேன்.

பொறுப்பாகப் பயன்படுத்துவது எப்படி என்பதைக் கடைசி செஷனாகப் போட்டிருந்தார்கள். அது சொல்வதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது, பிள்ளைகளுக்கு அதை எப்படிப் புரிய வைப்பது. என்னைக் கேட்டால் பயிற்சி என்பதே அதுதான். டீ முடிந்து ஆரம்பித்தபோது மேற்பார்வையாளர் வாசலில் வந்து நின்றார்.

"மேடம், வெரசா முடிங்க. மலைக்குப் போறவங்களுக்கு பஸ்சு போயிரும். குரூப் போட்டோ வேற எடுக்கணும்."

"சார், இதுதான் முக்கியமான பாடம்."

"பிடிஎஃப் அனுப்பி விட்ருங்க, படிச்சுக்கிருவாங்க."

யார் படிப்பார்கள்? எனக்கு வந்த கோபத்துக்கு மைக்கை மேஜையில் போட்டுவிட்டு வந்தேன். அந்த போட்டோவில் நான் மட்டும் உர்ரென்று நிற்பேன்.

ஒத்துக்கொண்ட திருடன்

சில வாரங்கள் கழித்துத் தங்கவேல் சார் போன் செய்தார். போடியில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுப்பவர், என் பயிற்சிக்கு வந்தவர். நல்ல மனிதர். காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளையை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

"மேடம், உங்க பயிற்சி வீண் போகல. ஒரு திருட்டப் புடிச்சிட்டேன்."

"என்ன சார் திருட்டு?"

"சிந்துன்னு ஒரு புள்ள. கேரளா எஸ்டேட்டுல இருந்து வந்தது. எட்டாவது வரைக்கும் மலையாள மீடியம். வாயத் தொறந்தா பாதி மலையாளம். கட்டுரைப் போட்டிக்கு நாலு பக்கம் எழுதிட்டு வந்திருக்கா, 'ஆதலால்', 'எனினும்'னு. நம்ம ஊருப் புள்ளைக எவளாச்சும் இப்பிடி எழுதுவாளா?"

"அதனால?"

"அந்த ஏஐகிட்டயே கேட்டேன் மேடம். கட்டுரைய டைப் பண்ணிப் போட்டு, 'இது நீ எழுதினதா'ன்னு கேட்டேன். ஆமான்னு ஒத்துக்கிருச்சு."

"ஒத்துக்கிருச்சா? அது என்ன சார், ஸ்டேஷன்ல புடிச்சு வச்ச ஆளா? அது ஆமான்னுதான் சொல்லும்!"

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். இழுத்து இழுத்துச் சொன்னார். கட்டுரையைப் போட்டிக்கு அனுப்பவில்லை. காப்பியடித்ததற்கு உதாரணம் என்று வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார். வீட்டுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார். எஸ்டேட்டில் இருந்து கீழே படிக்க அனுப்பும் பெண் பிள்ளைகளின் கதை எனக்குத் தெரியும். ஒரு புகார் வந்தால் போதும், படித்தது போதும் என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

மறுநாள் காலையிலேயே பள்ளிக்குப் போனேன். சிந்து வரவில்லை. ஆசிரியர் அறையில் அவள் கட்டுரையைப் படித்தேன். தலைப்பு, எனக்குப் பிடித்த பருவம். மழைக்காலத்தில் எஸ்டேட்டில் துணி காயாதாம். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சூட்டில் சீருடையைக் காயப்போடுவார்களாம். வகுப்பில் அந்த வாசத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி உட்காருவார்களாம். 'எனினும் அவ்வாசனை என்னுடன் அமர்ந்திருந்தது' என்று எழுதியிருந்தாள்.

அறைச் சுவரில் ஒரு வாழ்த்துப்பா மாட்டியிருந்தது. முன்பிருந்த தலைமையாசிரியரின் பணி நிறைவுக்குத் தங்கவேல் சாரே எழுதியது. "உங்க போனக் குடுங்க" என்று வாங்கி அதே ஏஐயில் அதை டைப் செய்தேன். இது நீ எழுதியதா என்று கேட்டேன். 'ஆமாம், இந்த வாழ்த்துப்பாவை நான்தான் எழுதினேன். மாற்றங்கள் வேண்டுமா?' என்று வந்தது. நீ எழுதவில்லைதானே என்று திருப்பிக் கேட்டேன். 'மன்னிக்கவும், இதை நான் எழுதவில்லை' என்றது.

தங்கவேல் சார் அவள் கட்டுரையைக் கையில் எடுத்தார். "அய்யய்யோ மேடம், புள்ளைய எல்லார் முன்னாடியும் நிக்க வச்சிட்டேனே."

சிலமலையில்

இரண்டு பேரும் சிலமலைக்கு ஓடினோம். சிந்து அங்கே அத்தை வீட்டில்தான் தங்கியிருந்தாள். அத்தை தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்காமலே பேசினார்.

"வெள்ளன ஜீப்புல ஏத்திவிட்டேன் டீச்சரம்மா. அவுக அப்பன் போன்லயே குதிக்கிறான். திருடிப் படிக்கிறதுக்கு ஏலக்காயெடுக்க வரட்டும்கிறான்."

"அவ திருடலங்க. நாங்கதான் தப்பா நெனச்சிட்டோம்."

"எனக்குத் தெரியாதா? எஸ்டேட்டுல தமிழ் சொல்லிக்குடுக்க யாரு இருக்கா? ரேடியோ நியூஸக் கேட்டுக் கேட்டுப் படிச்ச புள்ள. எழுதுனா அப்பிடித்தான் எழுதுவா. நாங்களே 'செய்திகள் வாசிப்பது சிந்து'ன்னு கேலி பண்ணுவோம். ஒரு வார்த்த எங்களக் கேட்ருக்கலாம்ல?"

சார் அந்த ஞாயிற்றுக்கிழமையே போடிமெட்டு வழியாக மலையேறினார். என்னையும் கூட்டிப் போனார். எஸ்டேட் லயத்தில் அவர்கள் வீட்டு வாசலில், அக்கம் பக்கத்தார் பார்க்க, "தப்பு என்னுதுதாம்மா" என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னார். ஒரு ஆசிரியர் மாணவியிடம் மன்னிப்புக் கேட்டு என் சர்வீஸில் நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அப்பா சங்கடத்தில் நெளிந்தார். "சாரமில்ல சாரே, விடுங்க. அவளும் வேலைக்குப் பழகிட்டா." சிந்து கையில் ஏலக்காய்ச் செடியின் கறை. எங்களைப் பார்க்காமல் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வெகு நேரம் கெஞ்சிய பிறகு, பத்தாவது பரீட்சை வரைக்கும் படிக்கட்டும் என்று அனுப்பி வைத்தார்.

வந்தாள். சார் வகுப்பிலும் நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அவர் சிந்துவின் தமிழ்த்தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். கட்டுரைக்கு நான்கே வரி. மழை பெய்யும். மழை நல்லது. மரம் நடுவோம். நன்றி.

பள்ளிக்குப் போய் அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். "ஏன் ஆத்தா இப்பிடி எழுதிருக்க? உனக்குத் தெரியாததா?"

"இது போதும் டீச்சர்." வெறுப்பெல்லாம் இல்லை, அந்த ரேடியோத் தமிழில் சாதாரணமாகத்தான் சொன்னாள். "இப்படி எழுதினால் யார் எழுதியது என்று யாரும் கேட்க மாட்டார்கள்."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. பெல் அடித்ததும் எழுந்து போனாள்.

ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பயிற்சிக்கு என்னைக் கருத்தாளராகக் கூப்பிடுகிறார்கள். கடைசி செஷனை முதலில் நடத்த விட்டால்தான் வருவேன் என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். போனை வெளியே எடுக்கும் முன்னால் சிந்து கதையைச் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் பிள்ளையைக் கேளுங்கள், பக்கத்தில் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள், அவள் தமிழ் எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள், அந்த இயந்திரத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள் என்கிறேன்.

ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள்: "அந்தப் புள்ள பாஸ் பண்ணுச்சா மேடம்?"

பண்ணிவிட்டாள் என்பேன். ஹால் முழுக்கப் பெருமூச்சு விடும். எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க், தமிழில் மட்டும் தட்டுத்தடுமாறிப் பாஸ் என்று அதற்குப் பிறகுதான் சொல்வேன்.