வெள்ளைக் காரின் முன்சீட்டு

உடையார்பாளையம் பக்கம் யாராவது பழைய கார் வாங்கப் போனால், பெண் பார்க்கப் போகிறவர்கள் தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி ராசாங்கத்தைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவனுக்கு அது தொழில் இல்லை. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுவதுதான் தொழில். அரியலூரில் சிமெண்ட் மூட்டை ஏற்றினால் ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி என்று இறக்கிவிட்டு வருவான். ஆனால் ஒரு காரை ஒரு சுற்று சுற்றி வந்தானென்றால், அது எந்தப் பக்கம் அடி வாங்கியது, அந்த அடியை எவன் பட்டி போட்டு மூடினான் என்பது வரைக்கும் சொல்லிவிடுவான். இதற்குக் கூலி எதுவும் வாங்கமாட்டான். விற்கிறவனுடைய முகம் சுருங்குவதைப் பார்ப்பதே அவனுக்குப் போதும்.

அதற்கென்று அவன் ஒரு முறை வைத்திருந்தான். வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது. சொல்லிவிட்டுப் போனால் எஞ்சினை ஓட்டிச் சூடு பண்ணி வைத்துவிடுவார்கள். காலையில் முக்கி முனகிக் கிளம்புகிற வண்டிகூட அப்போது ஒரே சாவித் திருகலில் பாடும். அதனால் வீட்டுக்காரர் பல் விளக்கும் நேரத்தில் போய் நிற்பான். வணக்கம் சொல்வதற்கு முன்னால் பானெட்டில் உள்ளங்கையை வைப்பான். சூடு இருந்தால், "வண்டிக்கு ஜொரமா இருக்கு, நல்லாவட்டும், அப்புறம் வரோம்" என்று சொல்லிவிட்டு, போட்டு வைத்த டீயைக்கூடத் தொடாமல் திரும்பிவிடுவான். இந்தக் கதையை ஊரில் பலபேர் அவனைப் போலவே நடித்துக் காட்டுவார்கள்.

ஊருக்கெல்லாம் கார் பார்த்துக் கொடுப்பவன் தனக்கென்று ஒன்று வாங்கவில்லையே என்று கேட்டால் சிரித்து மழுப்புவான். வாங்க முடியாமல் இல்லை. அவன் கண் ஒரே ஒரு காரின் மேல்தான் இருந்தது. உடையார்பாளையத்தில் இராமலிங்கம் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் சின்ன வெள்ளைக் கார். அது என்றைக்காவது விலைக்கு வரும், வந்தால் வேறு எவன் கைக்கும் போகக் கூடாது. அந்த நினைப்பிலேயே ராசாங்கம் பதினேழு வருஷம் ஓட்டினான். அது ஆசை இல்லை, கறுவம். அப்படிக் கறுவிக்கொண்டிருந்ததை அவன் மறைத்ததும் இல்லை.

அந்தக் கார் புதிதாக வந்தபோது அதன் டிரைவரே அவன்தான். இராமலிங்கத்துக்கு ஊரைச் சுற்றி நிலமும் முந்திரிக்காடும் உண்டு. ராசாங்கத்தின் அப்பன், பாட்டன் எல்லாம் அந்தக் காட்டிலேயே வேலை செய்து முடிந்தவர்கள். அவன் ஸ்டியரிங் பிடித்ததே அவர்கள் குடும்பத்தில் பெரிய ஏற்றமாகப் பேசப்பட்டது. அவன் பெண்டாட்டி வேம்பு காட்டில் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போவாள். ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், சருகை மிதித்தவளின் காலைக் கண்ணாடிவிரியன் பிடித்துவிட்டது. கூட இருந்தவர்கள் தூக்கிக்கொண்டு வந்து இராமலிங்கம் வீட்டு வாசலில்தான் கிடத்தினார்கள். வேறு எங்கே கொண்டுபோவார்கள்? பக்கத்தில் கார் அங்கேதான் இருந்தது. நூற்றியெட்டு ஆம்புலன்ஸ் அப்போது வரவில்லை.

மறுநாள் இராமலிங்கத்தின் மகளுக்கு நிச்சயதார்த்தம். காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சீட்டுக்குப் புது உறை போட்டிருந்தார்கள். வேம்புவின் கால் முழங்கால் வரைக்கும் வீங்கி, கடிவாயில் ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது. இராமலிங்கம் வெளியே வந்து பார்த்தார். நல்ல காரியத்துக்கு நிற்கிற வண்டி, இதில் வேண்டாம், வேறு ஏற்பாடு பாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வேம்புவை ஒரு மொபெட்டில் இரண்டு பேருக்கு நடுவே உட்கார்த்திக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள் இருட்டிவிட்டது. உயிர் பிழைத்தாள். இரண்டு கால்விரலும் கெண்டைச் சதையில் பாதியும் போயிற்று. அன்றிலிருந்து இடது காலை இழுத்துத்தான் நடக்கிறாள். ராசாங்கம் அந்த வீட்டு வாசலை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை.

இப்போது இராமலிங்கத்தின் பையன் வெளிநாட்டிலிருந்து வந்து அப்பாவுக்குப் பெரிய கார் ஒன்றை வாங்கி விட்டுவிட்டுப் போயிருக்கிறான். கொட்டகையில் இரண்டு வண்டிக்கு இடம் இல்லை. பெரம்பலூரில் பழைய கார் புரோக்கராக இருக்கும் நல்லதம்பிதான் ராசாங்கத்துக்குப் போன் பண்ணிச் சேதி சொன்னான். மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு போய்விட்டார்களாம், விலை குறையும் போல இருக்கிறது, யாராவது வேண்டுபவர்கள் இருந்தால் சொல் என்றான். எனக்கே வேண்டும் என்றான் ராசாங்கம்.

அன்று வேம்பு சோறு போடும்போது அவளிடம் திட்டத்தைச் சொன்னான். காரை வாங்கி, அந்த வாசலிலேயே அவளை முன்சீட்டில் உட்கார வைத்து, தேரோடும் தெருவெல்லாம் சுற்றி, கடைத்தெரு வழியாக வந்து, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலில் போய்த்தான் நிறுத்துவான். அந்த மனுஷன் வாசலில் நின்று பார்க்கணும், பார்த்துக் குன்றிப் போகணும். வேம்பு அவன் தட்டில் ரசத்தை ஊற்றினாள். என்றைக்குப் போகிறோம் என்று மட்டும் கேட்டாள். மறுக்கவில்லையே என்று அவன் பூரித்துப் போனான்.

போகிற நாளில் அவள் பெட்டியிலிருந்து அரக்குப் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட எண்ணெய் தடவாத தலையில் பூ வைத்திருந்தாள். ராசாங்கமும் தன் முறையை அன்றைக்குக் கைவிட்டான். விடிகாலையில் போய் என்ன பிரயோஜனம், பார்க்க ஆள் வேண்டாமா? வருகிறோம் என்று முன்னாலேயே சொல்லி, ரேஷன் கடையில் கூட்டம் நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான் போய் இறங்கினான்.

கார் வாசலில் நின்றது. பானெட் கொதித்தது. ராசாங்கம் கையை எடுத்துவிட்டு, ரேஷன் கடை வரைக்கும் கேட்கிற மாதிரி, காலையிலிருந்து ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறீர்கள் போல என்றான். இராமலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு வற்றி, கையில் தடி வந்திருந்தது. ஒரு காலத்தில் குனிந்து நின்று ஆண்டே என்று கூப்பிட்ட வாயால் ராசாங்கம் அன்று அவரை 'சார், சார்' என்றான். ஒவ்வொரு சாருக்கும் அவருடைய கன்னம் இழுத்துக்கொண்டது.

பிறகு தொடங்கினான். கதவைத் திறந்து விட்டான், அது தொங்கியது. கீல் போச்சு என்றான். முன் மட்கார்டில் விரல் முட்டியால் தட்டினான், தகரச் சத்தம் வரவேண்டிய இடத்தில் தொப்பென்று வந்தது. உள்ளே முழுக்கப் பட்டி என்றான். டிரைவர் காலடியில் கிடந்த கால்மிதியை இழுத்து வெளியே போட்டான். தகடு துருவேறி உதிர்ந்து, ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. பிரேக் போடாமல் காலை ஊன்றியே நிறுத்திக்கொள்ளலாம் சார் என்றான், கூட்டம் சிரித்தது. எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தான், குபுகுபுவென்று புகை வந்தது, எஞ்சினும் போச்சு என்றான். எஃப்சி முடிந்திருந்தது, இன்சூரன்ஸ் இல்லை, டயர் தேய்ந்து பூவே இல்லை. ஒவ்வொன்றையும் சாவகாசமாக, பல்லுக்குள் வைத்து மென்று சொன்னான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கார்களுக்குக் குறை சொல்லியிருக்கிறான், இன்றைக்கு இருந்த ருசி என்றைக்கும் இருந்ததில்லை. வண்டியைத்தான் தட்டினான், அடி எல்லாம் நாற்காலியில் விழுந்தது.

இராமலிங்கம் சாமான்யப்பட்டவர் இல்லை. மாட்டுச் சந்தை, முந்திரி ஏலம் என்று எத்தனை பேர் முகத்தைப் பார்த்தவர். மூன்று பேர் வேண்டாம் என்று போன வண்டிக்கு ஒருவன் பட்டுப் புடவை கட்டிய பெண்டாட்டியோடு வந்து நிற்கிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கா தெரியாது? எல்லாம் முடிந்ததும் மெதுவாக ஒரு விலை சொன்னார். புரோக்கரிடம் சொல்லியிருந்ததைவிட அது இருபதாயிரம் கூடுதல். ஓட்டமுடிகிற நல்ல வண்டியே அந்த விலைக்குக் கிடைக்கும். கூட வந்திருந்த நல்லதம்பி ராசாங்கத்தின் முதுகில் கிள்ளினான்.

"சரிங்க சார்" என்றான் ராசாங்கம்.

அவ்வளவு நேரம் வண்டியைத் திட்டியவன் விலையை ஒரு வார்த்தை திட்டவில்லை. இராமலிங்கம் முதல் முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ராசாங்கத்துக்கும் அது உறைத்தது. ஆனாலும் போகட்டும் என்று விட்டான். இன்னும் பத்து நிமிஷத்தில் அந்தச் சாய்மானம் என்ன ஆகிறது பார் என்று மனதுக்குள் கறுவினான்.

பணம் கைமாறியதும் இராமலிங்கத்தின் மனைவி கிருஷ்ணம்மாள் வந்தாள். காருக்குள் குனிந்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையாரைப் பெயர்த்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வண்டி விற்கிற வீட்டில் எல்லாரும் செய்வதுதான், சாமியை வண்டியோடு அனுப்பமாட்டார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் பிள்ளையாருக்குப் பூ வைத்தவன் ராசாங்கம். எந்தத் தெருவுக்குச் சாமி வரக் கூடாது என்று அவள் நினைக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். அவள் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். தட்டில் வெற்றிலை பாக்கோடு சாவியை வைத்து நீட்டினாள். ராசாங்கம் எடுத்தான்.

அந்தப் பக்கம் போய் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். தொங்கிய கதவை முட்டியால் முட்டுக் கொடுத்தான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. இராமலிங்கமும் தடியை ஊன்றி எழுந்துவிட்டார், அவர் முகம் கறுத்திருந்தது. இதற்காகத்தான் அவன் இத்தனை காலம் இருந்தான்.

"ஏறு வேம்பு" என்றான்.

அவள் ஏறவில்லை. காலை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். சீட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். சத்தம் போடாமல்தான் பேசினாள், ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

"அன்னைக்கும் சாவி ஒங்க சட்டப் பையிலதான் கெடந்துச்சு."

ராசாங்கத்தின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"அவரு வேணாம்னாரு, உள்ள போயிட்டாரு. நீங்க ஆவட்டும் ஆண்டேன்னீங்க. நான் தரையில கெடந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். வண்டி இங்கதான் நின்னுச்சு. நீங்களும் இங்கதான் நின்னீங்க. எடுத்துக்கிட்டுப் போயிருந்தா என்னா பண்ணியிருப்பாரு? வேலைய வுட்டுத் தூக்கியிருப்பாரு. அந்த வேலைய எப்படியும் நீங்க வுட்டீங்கதான?"

மற்றவர்கள் முன்னால் எதற்கு, வீட்டில் போய்ப் பேசலாம் என்று அவன் முனகினான்.

"வூட்டுல சொன்னா வூட்டோட போயிடும். இங்க வச்சுச் சொல்லணும்னுதான் இத்தன வருசமா வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

இராமலிங்கத்தின் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரிடம் சொல்வதற்கு அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. பார்க்காமல் விட்டதே அவருக்கு உரிய பதிலாக இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

ராசாங்கம் வண்டியைக் கிளப்பினான். அது எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு இருமி நகர்ந்தது. அவள் நடக்கிற வேகத்துக்கு முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு, எட்டிக் கதவைத் திறந்து பிடித்து, ஏறு, ஏறிடு வேம்பு, கால் வலிக்கும் என்று கெஞ்சிக்கொண்டே போனான். பட்டுப் புடவையும் பூவுமாக அவள் தெருவின் நடுவில் நடந்தாள். ரேஷன் கடைக் கூட்டம் பார்த்தது, கடைத்தெரு பார்த்தது. அவன் நினைத்த ஊர்வலம் அவன் நினைத்த தெருக்களிலேயே நடந்தது. முன்சீட்டில்தான் ஆள் இல்லை. நிறுத்தத்தில் டவுன் பஸ் வந்ததும் அவள் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து ஏறிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்தக் கார் அவன் வீட்டு வாசலில் நிற்கிறது. வேம்பு ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. பானெட்டின் மேல் மிளகாய் காய வைப்பாள், அவ்வளவுதான். கார் பார்க்க இப்போதும் ராசாங்கத்தைக் கூப்பிடுகிறார்கள், அவனும் போகிறான், ஆனால் பழைய மாதிரி குறைகளைச் சத்தமாகச் சொல்வதில்லை. வாங்குகிறவனைத் தனியாக அழைத்துப் போய்க் காதோடு சொல்கிறான். அந்த இரும்பை எடைக்குப் போட்டாவது தலைமுழுகேன், வாசலை அடைத்துக்கொண்டு எதற்கு நிற்கிறது என்று நல்லதம்பி ஒரு முறை கேட்டான்.

"நான் எப்பவோ வித்திருப்பேன்" என்றான் ராசாங்கம். "அவதான் விக்கக் கூடாது, நிக்கட்டும்னுட்டா."