வால்வு திறக்காத ஒன்பது நாள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது ஐந்தாவது வேலை. முந்தைய நான்கிலிருந்தும் யாரும் அவரை அனுப்பவில்லை. அவராகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

பள்ளியில் அவருக்கு மைனா என்று பேர். குரல் அப்படி. ஒன்பதாம் வகுப்பில் அவர் இன்னொரு பையனுக்கு எழுதிய கடிதம் மற்றவர்கள் கையில் சிக்கியது. அதன்பின் மதிய இடைவேளை தோறும் பெஞ்சின் மேல் ஏற்றி, அதை அவர் வாயாலேயே படிக்க வைத்தார்கள். ஒருநாள் வாத்தியார் எட்டிப் பார்த்து, "சத்தம் போடாம விளையாடுங்கடா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து நாலு பேர் கூடிய இடத்தில் அவருக்கு நாக்கு எழாது. டீ குடிக்குமிடத்தில் யாராவது சிரித்தால் தன்னைத்தான் என்று தோன்றும். அடுத்த வாரம் வேலையை விட்டுவிடுவார். மேஸ்திரி பதவி இரண்டு முறை தேடி வந்தது. வேண்டாம் என்றார். பதினோரு வருடமாக அவருடன் வாழ்பவர் தையற்கடையில் துணி வெட்டுபவர். அக்கம்பக்கத்துக்கு மட்டும் சித்தப்பா மகன். "பாய்லர்கிட்ட பேசறதுல பாதியாவது என்கிட்ட பேசேன்" என்று கிண்டல் செய்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சோதனைக்காகக் கைப்பிடியை இழுத்தபோது பாதுகாப்பு வால்வு திறக்கவில்லை. நீராவி மிஞ்சினால் வெளியேற வேறு வழி கிடையாது. பதிவேட்டில் எழுதினார். மறுநாளும் எழுதினார். யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. மேற்பார்வையாளர் சொல்லாமல் பாய்லரை நிறுத்த அவருக்கு அதிகாரமில்லை. நேரில் போய்ச் சொல்லலாமென்றால் அவர் அறையில் எந்நேரமும் நாலு பேர் இருப்பார்கள். அழுத்தம் காட்டும் மீட்டர் முள் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்ந்தது.

"எழுதறதை எவன் படிக்கறான்? திங்கக்கிழமை கூட்டத்துல எழுந்து சொல்லிடு" என்றார் துணி வெட்டுபவர்.

திங்கட்கிழமை கூட்டத்தில் எழுந்தார். பின்வரிசையில் யாரோ யாரிடமோ ஏதோ சொல்லிக் களுக்கென்று சிரித்தார்கள். என்ன விஷயம் என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க."

உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, காலை பத்தே காலுக்கு, இஸ்திரி மேசைக்குப் போகும் குழாய் வெடித்தது. இஸ்திரி போடும் அக்காவின் வலது கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது.

விசாரணைக்கு வந்த அதிகாரி பதிவேட்டைப் புரட்டிவிட்டு, அவர்மேல் தப்பில்லை என்றார். மேற்பார்வையாளரை இடைநீக்கம் செய்தார்கள். ஆனால் இவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். சொல்லல."

ஏன் என்று அதிகாரி கேட்டார். அறையில் ஆறு பேர் இருந்தார்கள். பெஞ்ச், கடிதம், வாத்தியார் என்று எல்லாவற்றையும் சொன்னார். வீட்டில் இருப்பவர் சித்தப்பா மகன் இல்லை என்பதையும் சொன்னார். அதிகாரி எதையும் எழுதாமல் பேனாவை மூடினார்.

அன்று மாலை வார்டுக்குப் போனார். அக்கா கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா. ஒம்பது நாளா."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பார்வையாளர் நேரம் முடியும்வரை அவர் கட்டிலருகே நின்றார். அவள் திரும்பவேயில்லை.