கேட்காமல் எடுத்த கொடி

மலாக்காவில் எங்கள் காஜா பெராங் சந்துப் பெண்களுக்குச் செடி வளர்ப்பதில் இரண்டு சட்டங்கள் இருந்தன. கிளையைக் கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே வெட்ட வேண்டும் என்பது ஒன்று. யாரிடமும் கேட்டு வாங்கக் கூடாது என்பது இன்னொன்று. முதல் சட்டம் சரிதான். கணுவில்தான் வேர் கிளம்பும். கணு இல்லாத தண்டு தண்ணீரில் ஊறி நாறத்தான் செய்யும். இரண்டாவது சட்டத்தால் எனக்குக் கிடைக்க வேண்டிய அரசாங்க வேலை போயிற்று. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எல்லாவற்றையும் மன்னித்துவிட்டு எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரம் வாங்கினதுக்கு, முந்தின வருஷம். எனக்கு இருபத்துநாலு வயது. என் கணவரின் அண்ணன் வீட்டில் ஒரே ஓர் அறையில் எங்கள் குடித்தனம். அறைக்குக் கதவு கிடையாது, துணித்திரைதான். நான் இருமினால்கூட ஓரகத்தி அடுப்படியிலிருந்து "என்னா அங்க?" என்பாள். கணவர் ரோடு போடுகிற கூட்டத்தில் தினக்கூலி. நான் ஒரு பெரிய கிராணி வீட்டில் வேலை செய்தேன், ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவை அங்கே அப்படித்தான் சொல்வோம். காலையில் ஜாலான் பெண்டஹாரா தெரு வழியாக நடந்துபோய், பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, காய் அரிந்து கொடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அம்மா ரப்பர் பால்மரம் வெட்டப் போனால் தம்பியைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷ் ஓர் எழுத்தும் தெரியாது.

அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. வெள்ளைக்காரன் கிளம்பப் போகிறான், இனிமேல் எல்லாம் நம் ஆட்கள்தான் என்று காப்பிக் கடையில் பேசிக்கொண்டதை என் கணவர் வந்து சொன்னார். ஆயா வேலைக்குப் படிப்பு வேண்டாம். இருக்க குவார்ட்டர்ஸ் கொடுப்பார்கள். இரண்டு அறை, தனிக் குழாய்.

"உள்பக்கம் தாழ்ப்பாள் போடுற கதவு இருக்காம் புள்ள," என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

வேண்டியது ஒன்றே ஒன்று. இவளை எனக்குத் தெரியும், நல்லவள் என்று யாராவது ஒரு பெரிய மனிதர் இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும். எனக்குத் தெரிந்த பெரிய மனிதர் அந்தக் கிராணி மட்டும்தான்.

கிராணியும் அவர் மனைவியும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். கிராணி என்னிடம் பேசியதே இல்லை. எல்லாம் அந்த அம்மா மூலம்தான். பயந்து பயந்து கேட்டேன்.

"அதுக்கென்ன பிள்ளை, நான் அவரிட்டச் சொல்லுறன். நீ ஒண்டுக்கும் யோசியாத," என்றார்.

யோசிக்காமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. சொல்ல மறந்துவிடுவாரோ, சொன்னாலும் கிராணி மாட்டேன் என்பாரோ, எழுதி முடிப்பதற்குள் வேறு யாராவது அந்த இடத்துக்குப் போய்விடுவார்களோ என்று நடக்கும்போதும் துவைக்கும்போதும் அதே நினைப்பு. பேசாமல் வேலையைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஐந்து நிமிஷம் அடங்கும். மறுபடியும் ஆரம்பித்துவிடும்.

அந்த வீட்டு ஹாலில், ஜன்னல் ஓரமாக, ஒரு கண்ணாடிச் சாடியில் வெறும் தண்ணீரிலேயே வளர்ந்த கொடி ஒன்று இருந்தது. வெற்றிலை மாதிரி இலை, பச்சையின் மேல் மஞ்சளைத் தெளித்தாற்போல் இருக்கும். மலாய்க்காரர்கள் அதை சிரே காடிங் என்பார்கள். இப்போது எல்லோரும் மணி பிளான்ட் என்கிறார்கள். வாரம் இரண்டு தடவை அதற்குத் தண்ணீர் மாற்றுவதும் என் வேலைதான். நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதை அந்த அம்மா ஒருநாள் கவனித்திருக்கிறார்.

"உனக்கும் ஒண்டு வேணுமே? வெட்டித் தரட்டே?" கையில் கத்தரிக்கோலோடு கேட்டார்.

"வேண்டாம்மா."

"ஏன் பிள்ளை? வடிவான கொடி."

"வைக்க எடமில்லீங்கம்மா."

இங்கேதான் எங்கள் சந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட்டு வாங்கின கிளை அழுகிப் போகும், சொந்தக்காரிக்குத் தெரியாமல் கிள்ளின கிளைதான் பிழைக்கும் என்பது அங்கே தமிழர், செட்டி, மலாய் என்று வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் நம்பிய விஷயம். உண்மையில் தெரியாமல் ஒன்றும் நடக்காது. ஒருத்தி வேலியோரம் வந்து நின்றாலே வீட்டுக்காரி புரிந்துகொண்டு, கொடியில் துணி காயப்போடுகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொள்வாள். அதுதான் மரியாதை. கிளையைக் கிள்ளுகிறவள் நன்றி சொல்லக் கூடாது. என் பக்கத்து வீட்டில் மலாக்காச் செட்டிப் பெண் ஒருத்தி இருந்தாள், பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேச்சுக்கு மாறிவிட்ட தமிழர்கள் அவர்கள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். மலாயில் அக்கா என்ற அர்த்தத்தில் காக் என்று கூப்பிடுவேன். அவளுக்குத் தமிழில் பத்து வார்த்தைதான் வரும், மற்றதெல்லாம் அவர்களுடைய மலாய். நான் அவள் செடியில் கை வைத்த மறுநாள் சந்து முழுக்கக் கேட்கும்படி, "குச்சிங் காக்கி டுவா!" என்று கத்துவாள். ரெண்டு கால் பூனை வந்து செடியைக் கடித்துவிட்டுப் போயிருக்கிறதாம். எல்லோரும் சிரிப்போம். அடுத்த வாரம் அவள் என் வேலியோரம் வந்து நிற்பாள், நான் துணி காயப்போடப் போய்விடுவேன்.

அதனால்தான் அந்த அம்மா கொடுத்ததை வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே தண்ணீர் மாற்றும்போது ஒரு துண்டைக் கிள்ளினேன். அழகுக்காக இல்லை. இது வேர் விட்டால் ஆஸ்பத்திரி வேலை கிடைக்கும், அழுகினால் கிடைக்காது என்று மனசில் ஒன்று முடிபோட்டுக்கொண்டேன். எந்தச் சாமியும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. பயம் பிடித்தவளுக்கு எதையாவது பிடித்துத் தொங்க வேண்டும், அவ்வளவுதான். ஈரத்துணியில் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் புடவையை நனைத்துக்கொண்டே வந்தது.

மருந்துப் போத்தல் ஒன்றில் மழைத்தண்ணீர் ஊற்றினேன். கறுப்புக் கண்ணாடியாக இருந்தால் வேர் சீக்கிரம் வரும். தண்ணீர் கெடாமலிருக்க ஒரு சின்னக் கரித்துண்டு. அடி இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, கணு மட்டும் தண்ணீரில் இருக்கும்படி வைத்தேன். அடுப்படி ஜன்னல்தான் இடம். வெயில் நேரே விழாது. அதோடு விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. காலையில் ஒரு தடவை, வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை என்று தண்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தால் அழுகல் ஆரம்பித்துவிட்டதோ என்று விரலால் துடைத்து முகர்ந்து பார்ப்பேன்.

காக் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஜாஙான் அங்கட்! ஜாஙான்!" தூக்காதே, தூக்காதே என்று போத்தலைப் பிடுங்கித் திரும்ப ஜன்னலில் வைத்தாள்.

ஒன்பதாம் நாள் கணுவில் பழுப்பாக ஒரு புடைப்பு. பதினோராம் நாள் அதன் நுனியில் அரிசி முனை அளவுக்கு வெள்ளை. காக் என் கன்னத்தைக் கிள்ளி, "பெஞ்சூரி!" என்றாள். திருடி என்று அர்த்தம். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

இரண்டு வாரம் கழித்து மாரியம்மன் கோயில் திருவிழா. கோயிலுக்கு வந்த அந்த அம்மா வெயில் தாங்காமல் என் வீடு தேடி வந்துவிட்டார். அவர் எங்கள் வீட்டுக்கு வருவார் என்று கனவிலும் நான் நினைத்ததில்லை. ஓரகத்திகூடத் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். நான் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். அவரும் பேசிக்கொண்டே பின்னால் வந்துவிட்டார்.

ஜன்னலைப் பார்த்தார்.

"வடிவா வேர் விட்டிருக்கு. எங்க வாங்கினனீ?"

எங்கள் சந்துப் பெண்ணாக இருந்தால் ரெண்டு கால் பூனையைப் பற்றிக் கேட்டிருப்பாள். நானும் சிரித்திருப்பேன். இவர் எங்க வாங்கினனீ என்று கேட்டுவிட்டார். உங்கள் வீட்டில்தானம்மா என்று சொல்லியிருக்கலாம். சொந்தக்காரியிடம் வாயால் சொன்னால் செடி பட்டுப்போகும், செடி பட்டுப்போனால் வேலை போய்விடும் என்று என் புத்தி ஓடியது.

"மார்க்கெட்டுல வாங்குனேம்மா," என்றேன்.

"ஓமோ?" என்றார். தண்ணீரைக் குடித்தார். சிரித்தபடியே போய்விட்டார்.

அன்றிலிருந்து நான் அந்தச் சிரிப்பையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்திருந்தால் கேட்டிருப்பார், கேட்காததால் தெரியவில்லை. இல்லை, தெரிந்ததால்தான் கேட்கவில்லை. இப்படியே ஒரு வாரம்.  அடுத்த திங்கட்கிழமை அவரே ஒட்டின கவர் ஒன்றை என் கையில் கொடுத்து, "அவர் எழுதித் தந்தவர். ஆஸ்பத்திரிக் கந்தோரில குடு," என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது. அவர் காலில் விழப் போனேன். வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தார்.

கவரைப் பாலித்தீனில் வைக்க அந்தக் காலத்தில் பாலித்தீன் ஏது? வாழையிலையில் சுற்றி, அதன் மேல் துணி சுற்றி எடுத்துப் போனேன். ஆஸ்பத்திரி ஆபீசில் இருந்தவர் ஒரு தமிழ்ப் பையன், சின்னக் கிராணி. கவரைப் பிரித்து வாசித்தார். என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை வாசித்தார்.

"அக்கா, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"நல்லவன்னு எழுதியிருப்பாங்க தம்பி."

அவர் எழுந்து வாசல் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வருசமா வேலை செய்யிறீங்களாம். வேலை சுத்தமாம். ஆனா வீட்டுச் சாமானை எடுக்குற பழக்கம் இருக்காம், கேட்டா பொய் சொல்லுவீங்களாம். அதனால பொறுப்பான எடத்துல வைக்க முடியாதுன்னு எழுதியிருக்காரு."

அவர் கடிதத்தை மடித்துத் திரும்பக் கவரில் போட்டார்.

"இத மேட்ரன்கிட்ட குடுத்தா உங்க பேரு என்னைக்கும் எந்திரிக்காதுக்கா. எடுத்துக்கிட்டுப் போயிருங்க. வேற யார்கிட்டயாவது ஒரு லெட்டர் வாங்கியாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

நல்ல பையன். வேறு யாரிடம் வாங்குவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. எனக்கு எதிரான சாட்சியை நானே வாழையிலையில் சுற்றி, மழை படாமல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். அதை அதே இலையில் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

வீட்டில் திரைக்குள் உட்கார்ந்து கணவரிடம் மெதுவாகச் சொன்னேன். மெதுவாகச் சொல்லியும் அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"ஒரு செடிக்கா?" என்றார்.

"ஒரு துண்டு. ஒரே ஒரு கணு."

"ஒரு செடிக்கு யாராச்சும் இப்படி எழுதுவானா புள்ள?"  பிறகு, "வேற ஒண்ணும் எடுக்கலியே?" என்றார்.

கிராணி எழுதியதைவிட அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாமல் இருக்கிறது. அவர் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. நான் வேறு யாரிடமும் போகவில்லை. போக ஆள் இல்லை என்பது பாதி. இன்னொருத்தர் எழுதிக் கொடுப்பதை எப்படி நம்பிக் கையில் எடுத்துப் போவது என்பது மீதி.

ஆஸ்பத்திரிக்குப் போக வாங்கியிருந்த லீவு முடிந்து, சனிக்கிழமை காலையில் வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போனேன். ஏன் போனாய் என்று பின்னால் என் மகள்கூடக் கேட்டாள். போகாமல் என்ன செய்வது? எந்த வீட்டுக்குப் போனாலும் முன்னால் யார் வீட்டில் வேலை செய்தாய் என்றுதான் கேட்பார்கள்.

அந்த அம்மா ஹாலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தார்.

"என்னவாம் பிள்ளை, ஆஸ்பத்திரியில என்ன சொன்னவை?"

அவர் முகத்தைப் பார்த்தேன். கேள்வி கேட்கிற முகம்தான், வேறு ஒன்றும் அதில் இல்லை.

"எடம் இல்லையாம்மா."

"பாவம். அதுக்கென்ன, இஞ்ச வேலை இருக்குத்தானே. உனக்கு முதல் ரெண்டு பேர் வேலைக்கு வந்து நிண்டு ஓடிப்போட்டினம். நீயும் போனா நான் ஆரைத் தேடுறது?"

சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். திருவிழாவுக்கு உடுத்திய பட்டை மடித்து அலமாரியில் வைக்கச் சொன்னார்.

"கீழ்த்தட்டில நகைப்பெட்டி கிடக்கு. பாத்து, தட்டிப்போடாத." குளிக்கப் போய்விட்டார்.

நான் அலமாரியைத் திறந்தேன். நகைப்பெட்டி பூட்டாமல் இருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. குளியலறையில் அவர் நிதானமாகத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது.

என்னைத் திருடி என்று எழுத வைத்தபோதும் அவர் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நினைத்திருந்தால்கூடப் பரவாயில்லை.

பட்டை மடித்து வைத்தேன். பூட்டி, சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன். அந்த வீட்டில் இன்னும் ஆறு வருஷம் வேலை செய்தேன்.