ட்ரக் இல்லாத படம்

ட்ரக்கைத் தெருவோரத்தில் விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தோம். ரேடியேற்றர் கொதித்துத் தண்ணீர் முழுக்க ஓடிவிட்டது. திருத்துகிறவன் பின்னேரம்தான் வருவான். மாமா முன்னால், நான் பின்னால். நெவாடாப் பாலைவனத்தில் அந்த நேரம் நிழல் என்று இருந்தது எங்கள் இரண்டு பேருடையதும்தான்.

மாமா அம்மாவின் தம்பி. யுத்தம் முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்தவர். ரொறன்ரோவில், எங்கள் ரெக்ஸ்டேல் அப்பார்ட்மெண்டில் ஒரு அறையில் இருந்தார். அவருடைய உடுப்புகள் இருந்தன என்பதுதான் சரி. அவர் ட்ரக் ஓட்டிக்கொண்டு ரோட்டில் இருந்தார். கணக்கில் கோட்டைவிட்ட என்னை அந்தக் கோடை விடுமுறையில் தன்னோடு ஏற்றிக்கொண்டார்.

அப்போது அவருக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். முந்திப் பேசிய இடங்களுக்கெல்லாம் அம்மா ஒரே படத்தைத்தான் அனுப்பினார்: கறுப்புக் கண்ணாடியோடு மாமா பளபளக்கும் ட்ரக்கில் சாய்ந்து நிற்கிற படம். ட்ரக் கம்பனியுடையது. அந்தப் பேச்செல்லாம் குழம்பிப்போயின. இந்த முறை பொம்பிளை கிளிநொச்சி, மாமாவின் அதே வன்னி. ட்ரக் வேண்டாம், ஆளைப் பார்க்கவேணும் என்று தானே சொல்லி அனுப்பியிருந்தாள். இதுவும் சரிவராவிட்டால் இனித் தான் ஒரு இடமும் கேட்கப்போவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டார்.

ஆகவே வழியில் ஒரு பாழடைந்த ஊர் கண்ணில் பட்டதும் மாமாவுக்குக் களைப்புப் போய்விட்டது.

"டேய், இதிலை நாலு படம் எடுப்பம்."

ஒரு காலத்தில் வெள்ளி தோண்டிய ஊர். நடுவே ஒரு தார்த் தெரு, இரண்டு பக்கமும் வெயிலில் நரைத்த பலகை வீடுகள். ஒரு பாங்குக்கு முகப்பு மட்டும் மிஞ்சியிருந்தது; உள்ளே ஆகாயம். ஒரேயொரு வீட்டில் யன்னல் சீலை அசைந்தது. அதற்குப் பிறகு நான் எத்தனையோ ஊர்களில் படுத்தெழும்பியிருக்கிறேன், பள்ளிக்கூடத்தைத்தான் முடிக்கவில்லை. அவ்வளவு சத்தமில்லாத ஊரை வேறெங்கும் காணவில்லை.

மாமா நடுத்தெருவில் நின்றார். நான் அவருடைய போனில் எடுத்தேன்.

"மாமா, அந்த வாசல்லை போய் நில்லுங்கோ."

"இதிலையே எடு."

"பஸ்ஸுக்கு நிக்கிற ஆள் மாதிரி இருக்கு."

"உனக்கு வாய் கூடிப்போச்சு. எடடா."

நல்ல வெளிச்சம் விழுந்த ஒரு நீலக் கதவு தெரிந்தது. அதைக் காட்டுவதற்காகத் தெருவிலிருந்து மண்ணில் இறங்கி ஓடினேன்.

"நில்லடா! அசையாதை!"

பாம்பாக்கும் என்று நினைத்தேன்.

"திரும்பு. வந்த அடியிலையே கால் வைச்சு வா. புதுசா ஒரு இடத்திலையும் வையாதை."

என் சப்பாத்து அச்சுகளைத் தேடித் தேடித் திரும்பினேன். சிரிப்பு வந்தது; மாமாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. தெருவில் ஏறியதும் ஒரு அறை விழுந்தது. பிறகு அதே கையால் என் தலையைத் தடவினார்.

"ஆளில்லாத வளவு. ஆர் என்னத்தைத் தாட்டு வைச்சிருக்கிறாங்களோ."

நான் ரொறன்ரோவில் பிறந்தவன். மிதிவெடி எனக்கு வீடியோ கேமில் வருவது.

"இது அமெரிக்கா, மாமா."

"ஓம், தெரியும்." தெரிந்தும் இறங்கவில்லை.

சீலை அசைந்த வீட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்து என்ன நடந்தது என்று கேட்டாள். மாமா மிதிவெடிக்குப் பயப்படுகிறார் என்று வெட்கத்தோடு ஆங்கிலத்தில் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மாமாவின் கால்களைப் பார்த்தாள். பிறகு நீலக் கதவை நோக்கி நடந்தாள், மெதுவாக, ஒவ்வொரு அடியையும் அழுத்தி வைத்து. மாமா அவளுடைய அடிகளிலேயே கால் வைத்துப் பின்னால் போனார். கதவடியில் எடுத்த படத்தில் கிழவி கமராவைப் பார்க்கிறாள். மாமா அவளுக்குப் பின்னால், அவளுடைய அடியிலேயே கால் வைத்து நின்று நிலத்தைப் பார்க்கிறார்.

ரெக்ஸ்டேலுக்கு வந்ததும் அம்மா படங்களைப் பார்த்தார்.

"உந்தக் கதவடிப் படத்தை மட்டும் அனுப்பிப்போடாதை. கோழி களவெடுக்கப் போய்ப் பிடிபட்டவன் மாதிரி நிக்கிறான். ஆர் உந்தக் கிழவி எண்டு வேறை கேப்பினம்."

வீட்டில் வட்ஸ்அப் அனுப்புகிற ஆள் நான். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பிவிட்டேன். அம்மா ஏசி முடிக்க இரண்டு நாள் எடுத்தது. மாமா ஏசவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணே அழைத்தாள். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சாள், கிழவிக்குப் பின்னாலை நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாரே, அந்தப் படம் ஒண்டே காணும், வேறை வேண்டாம். எனக்குச் சம்மதம்."

அம்மா அழத் தொடங்கினார். மாமா குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கனநேரம் முகம் கழுவினார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. முகம் தெரிகிற நல்ல படங்கள் எத்தனை எடுத்திருந்தேன்! கிளிநொச்சி ஆட்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று முடிவு கட்டினேன்.

அதைவிட மோசம், மாமா ட்ரக் திறப்பைக் கம்பனியிடம் திருப்பிக் கொடுத்து வேலையை விட்டுவிட்டார். ஊர் சுற்றக் கிடைத்த மனிதன் அதை ஏன் விடுகிறார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். அவர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. அடுத்த நாள் காலை, சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பக்கத்துப் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி அடுக்கப் போனார். சம்பளம் குறைவு, ஆனால் பின்னேரம் வீட்டுக்கு வரலாம் என்றார்.